சவரக்கத்தியும் அரை பிளேடும்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் போகும் சலூனில், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது ஒரு சின்னச் சத்தம். கடைக்காரர் ஒரு பிளேடை உறையோடு எடுத்து, நீளவாக்கில் மடித்து, 'டிக்' என்று இரண்டாக உடைப்பார். ஒரு பாதி கத்திக்குள் போகும். மறுபாதி அடுத்து உட்காரப் போகிறவருக்காகக் காகிதத்திலேயே காத்திருக்கும். பல வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன்: "இந்தக் கத்திய எத்தன வருசமா வச்சிருக்கீங்கண்ணே?"

அவர் சிரித்தார். "இது கத்தியா தம்பி? பிளேடு புடிக்கிற இடுக்கி. கத்தின்னா எங்கப்பா வச்சிருந்தாரு பாரு, அது கத்தி."

அந்தப் பதிலை வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் அப்பா வைத்திருந்ததும் அவர் கையில் இருந்ததும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டும் மடங்கும், இரண்டையும் பிடிக்கும் விதம் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று கத்தி, இன்னொன்று இடுக்கி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மழிக்கும் கருவிகளில் மடக்குச் சவரக்கத்தி ஒன்று. ஒரே உருக்குத் துண்டு. அதன் ஓரமே கூர். கொம்பு, மரம், பிளாஸ்டிக் என்று எதிலாவது செய்த கைப்பிடிக்குள் அது மடங்கி ஒளிந்துகொள்ளும். சலூனில் இன்று நாம் பார்ப்பது வேறு. வடிவம் அதே வடிவம்தான், ஆனால் கூர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளவு. அதில் அரை பிளேடைச் செருகினால்தான் அது கத்தி. வீட்டில் நாம் வைத்திருக்கும் ரேசர் மூன்றாவது. அதிலும் பிளேடு மாற்றலாம், ஆனால் பிளேடுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருப்பதால், கூர் ஒரு மயிரிழை அளவுக்குத்தான் வெளியே தெரியும். மின்சார டிரிம்மரை இதில் சேர்க்கவில்லை. அது தோலை ஒட்டி மழிப்பதில்லை, முடியைக் குட்டையாக்குகிறது, அவ்வளவுதான்.

இவற்றில் எது கூர்மையானது என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அந்தக் கேள்வி நம்மை எங்கேயும் கொண்டுபோகாது. கூர் மழுங்கினால் என்ன செய்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள். சவரக்கத்தியில் திரும்பத் தீட்டுகிறோம். பிளேடில் தூக்கிப் போடுகிறோம். விலை, சுத்தம், துரு, முகத்தில் படும்போது இருக்கும் உணர்வு என மற்ற எல்லா வித்தியாசமும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

தீட்டுவது என்றால் என்ன என்று பார்ப்போம். தாடி முடி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர். அதை இழுக்காமல், வலிக்காமல் வெட்ட வேண்டுமென்றால் கத்தியின் விளிம்பு அதில் நூறில் ஒரு பங்குக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய விளிம்பைச் சரியான கோணத்தில் கல்லில் உரசுவதற்கு மனிதக் கை போதாது. கை ஆடும். இதற்குப் பழைய காலத்துக் கத்திக் கொல்லர்கள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதுதான் சவரக்கத்தியில் எனக்கு மிகப் பிடித்த விஷயம். கத்தியின் முதுகைத் தடிமனாக விட்டார்கள். கல்லின் மேல் கத்தியைப் படுக்கப் போட்டால் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். அப்படியே தள்ள வேண்டியதுதான். கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் தீட்டித் தீட்டிக் கூர் தேயும்போது முதுகும் சேர்ந்தே தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. கருவிக்குள்ளேயே அளவுகோலை வைத்த மாதிரி. அரிவாள்மனையிலோ காய் வெட்டும் கத்தியிலோ இந்த ஏற்பாடு கிடையாது.

முதுகுக்கும் கூருக்கும் நடுவில் இருபுறமும் குழிவாகக் குடைந்திருப்பார்கள். எடை குறையும், கூருக்குப் பக்கத்தில் உருக்கு மெலிந்திருப்பதால் தீட்டுவதும் சுலபம். கத்தியின் அகலத்தை எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் ஆறு அங்குலம் என்று எட்டாம் பங்குக் கணக்கில்தான் இன்றும் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இந்தக் கத்திக்குப் பேர்போன ஊர்கள். பழைய கத்தி எங்காவது கண்ணில் பட்டால், கூருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள கழுத்துப் பகுதியைப் பாருங்கள். ஊர்ப் பெயர் அங்கேதான் பொறித்திருக்கும்.

தீட்டுவதில் இரண்டு கட்டம் உண்டு. கல்லில் தீட்டுவது எப்போதாவது செய்வது. கத்தியையும் தாடியையும் பொறுத்துச் சில வாரத்துக்கோ சில மாதத்துக்கோ ஒரு தடவை போதும். முதலில் சற்றுச் சொரசொரப்பான கல், பிறகு நைசான கல், கடைசியில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான கல் என்று போக வேண்டும். தோலில் தீட்டுவது தினசரி வேலை. ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் நீளமான தோல்வாரை இழுத்துப் பிடித்து, கத்தியை அதன்மேல் நாற்பது ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். பழைய சினிமாக்களில் நாவிதர் சர், சர் என்று செய்வது இதைத்தான். சிலர் தோல்வார் இல்லாவிட்டால் உள்ளங்கையிலேயே தீட்டிவிடுவார்கள். நாம் முயன்று பார்க்க வேண்டிய வித்தை அல்ல அது.

இந்த இரண்டும் நேர் எதிரானவை என்பது பலருக்குத் தெரியாது. கல்லில் கூர் முன்னால் போகும், முதுகு பின்தொடரும். ஏதோ கல்லிலிருந்து ஒரு மெல்லிய படலத்தைச் சீவி எடுப்பது போல. தோலில் முதுகு முன்னால், கூர் பின்னால். மறந்துபோய்த் தோலில் கூரை முன்னால் தள்ளினால் வார் அறுந்துவிடும், கூரும் போகும். திருப்பும்போது எப்போதும் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். கல் உருக்கைத் தேய்த்துப் புதுக் கூரை உண்டாக்குகிறது. தோல் உருக்கை ஏறக்குறையத் தேய்ப்பதே இல்லை. நேற்றைய சவரத்தில் இப்படியும் அப்படியும் வளைந்துபோன விளிம்பை நீவி நேராக்குகிறது. சலவை செய்த சட்டைக்கு இஸ்திரி போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி அழுக்கை எடுக்காது, ஆனால் இஸ்திரி இல்லாமல் அந்தச் சட்டையைப் போட மனசு வராது.

என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எரிந்துபோவதற்கு முன் இருந்த பழைய மூர் மார்க்கெட்டில் யாரோ விற்றுவிட்டுப் போன சோலிங்கன் கத்தி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். 1985 தீவிபத்துக்குப் பிறகு அந்த மார்க்கெட்டே போய்விட்டது. தாத்தாவும் போய்விட்டார், கத்தி மட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இருபத்தைந்து வயதில் எனக்கு அதைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை வந்தது. தெருவில் சைக்கிள் சக்கரத்தை மிதித்துச் சாணை பிடிப்பவரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் மேல் தப்பில்லை. அரிவாள்மனைக்குச் செய்வதையே இதற்கும் செய்தார். தீப்பொறி பறந்தது. வாங்கிப் பார்த்தால் கூர் ஓரத்தில் ஒரு நீலச் சாயம். சவரக்கத்தியின் உருக்கைக் கெட்டிப்படுத்திப் பதமாக்கியிருப்பார்கள். அந்தப் பதம் ஓரளவு சூட்டைத்தான் தாங்கும். நீலம் படரும் அளவுக்குச் சூடேறினால் ஓரம் இளகிப்போகும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. முதுகைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சக்கரத்தில் பிடித்ததில் கோணமும் போச்சு. ஆயா பார்த்துவிட்டு, "அவரு இருந்திருந்தா உன்னைத்தான் சாணை புடிச்சிருப்பாரு" என்றாள்.

சரி, இப்போது பிளேடு பக்கம் வருவோம்.

தீட்டத் தெரியாதவனும் தினமும் சவரம் செய்ய வேண்டும் என்ற யோசனையில் பிறந்ததுதான் பிளேடு. அமெரிக்க விற்பனைப் பிரதிநிதியான கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு இந்த எண்ணம் 1895-ல் வந்தது. மெல்லிய தகட்டில் கூர் வைத்து, மழுங்கினால் தூக்கிப்போட வேண்டும். சொல்லச் சுலபமாக இருந்தது. அவ்வளவு மெல்லிய தகட்டை நெளியாமல் கெட்டிப்படுத்த யாருக்கும் வழி தெரியவில்லை. வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் வந்து அதைச் சாதித்தார். 1903-ல் விற்பனைக்கு வந்தபோது வருடம் முழுவதும் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் தொண்ணூறாயிரம் ரேசருக்கு மேல். முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அரசாங்கமே ரேசர் கொடுத்ததில் ஒரு தலைமுறைக்கே சொந்தக் கையால் மழித்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

அந்த இரண்டு பக்கக் கூருள்ள பிளேடின் வடிவம் இத்தனை வருடத்தில் பெரிதாக மாறவில்லை. கனம் பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஜெராக்ஸ் தாள் அளவு. ஆரம்பத்தில் சாதாரண உருக்கில் செய்தார்கள், இரண்டு நாளில் துரு பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் நாம் எவர்சில்வர் என்று சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறியது. இன்று பல பிளேடுகளின் கூர் ஓரத்தில், நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கும் அதே வகைப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத கனத்தில் உண்டு. முடியில் சிக்காமல் வழுக்கிப் போவது அதனால்தான். டோபாஸ், செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ், வில்கின்சன் என்று பெட்டிக் கடையில் தொங்கும் எல்லாப் பிளேடும் இந்த ஒரே குடும்பம். ஒன்றுக்காகச் செய்த ரேசரில் இன்னொன்று பொருந்தும், நடுவில் உடைத்தால் எந்தச் சலூன் கத்தியிலும் பொருந்தும்.

ஆக, இரண்டு பேர் கையிலும் இருப்பது கூர்மையான விளிம்புதான். ஒருவர் தினமும் காலையில் தானே உண்டாக்கிக்கொள்கிறார், இன்னொருவர் தொழிற்சாலை உண்டாக்கியதை உறை பிரித்து எடுத்துக்கொள்கிறார்.

முகத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு வருகிறேன். இங்கேதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். சலூன் கத்தி மலிவு, தீட்ட வேண்டாம், ஆகவே கற்றுக்கொள்ளவும் சுலபமாக இருக்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். நடப்பது தலைகீழ். நன்றாகத் தீட்டிய சவரக்கத்தி தோலிடம் கொஞ்சம் தாட்சண்யம் காட்டும். தோல்வாரில் நீவிய விளிம்பு வழுவழுப்பாக இருக்கும், கத்தியின் எடையே வேலையில் பாதியைச் செய்துவிடும், தடித்த முதுகு இருப்பதால் கத்தி அதிராது. கோணம் கொஞ்சம் தப்பினாலும் பல நேரம் மன்னித்துவிடும். அரை பிளேடுக்கு மன்னிப்பே தெரியாது. எடை இல்லாததால் கை தானாக அழுத்தப் பார்க்கும். தொழிற்சாலைக் கூர் மிக ஆக்ரோஷமானது. சதுர முனை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் படும் கீறல்களில் பெரும்பாலானவை அந்த முனைகள் செய்யும் வேலைதான். பதிலுக்கு அரை பிளேடுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அது குட்டை. சவரக்கத்தியின் கூர் அதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம். மூக்குக்குக் கீழே, மீசை ஓரத்தில், கிருதா வெட்டுகிற இடத்தில் குட்டைக் கூர் துல்லியமாக நிற்கும். சலூன்காரர் கிருதாவுக்கு ஒரே கோடு இழுப்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவு கெட்டியான உருக்கை இவ்வளவு மென்மையான முடி எப்படி மழுங்கடிக்கிறது என்ற கேள்வியும் நியாயமானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். பிளேடு உருக்கைவிட முடி சுமார் ஐம்பது மடங்கு மென்மையானது. எல்லாரும் நினைத்தது போல விளிம்பு மெதுவாகத் தேய்ந்து உருண்டு போவதில்லை. முடி வளையும்போது விளிம்பின் சில பலவீனமான இடங்களில் அழுத்தம் குவிந்து, நுண்ணிய துணுக்காக உருக்கு உடைந்து விழுகிறது. ஒரு துணுக்கு விழுந்தால் பக்கத்தில் இன்னொன்று விழ அது வழி செய்யும். நாலு நாளில் பிளேடு பிடுங்குகிற மாதிரி இருப்பதற்கு இதுதான் காரணம்.

சரி, முகத்துக்குச் சவரக்கத்தியே மேல் என்றால் சலூன்கள் ஏன் அதை விட்டுவிட்டன? ரத்தம்தான் காரணம்.

ஒரே கத்தியை ஒருவர் முகத்திலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டு அடுத்தவர் முகத்தில் வைப்பது எங்கள் அப்பா காலத்தில் சகஜம். சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏற்படும். அதில் கசியும் ரத்தம் கத்தியில் ஒட்டும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால். அதற்குப் பின் வந்த விழிப்புணர்வு அலையில், 'புதுப் பிளேடு போடுங்க' என்று சொல்வது வாடிக்கையாளர்களுக்குப் பழக்கமானது. புள்ளிராஜா எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது விளக்கத் தேவையில்லை. உண்மையில் சலூன் கத்தியில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி வைரஸைப் பற்றி. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே சீக்கிரம் செயலிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாளாவது தாக்குப்பிடிக்கும். இரண்டு சொட்டு டெட்டால் விட்ட தண்ணீரில் கத்தியை முக்கி எடுப்பதால் அது போய்விடும் என்று நம்ப முடியாது. சவரக்கத்தியைக் கொதிக்கும் நீரிலோ நீராவியிலோ போட்டால் கொம்புக் கைப்பிடி வெடிக்கும், கூர் துருவேறும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிக் கத்தி வைப்பதும் நடக்காது. ஆகவே ஒருவருக்கு ஒரு அரை பிளேடு. இந்த இடத்தில் தூக்கிப் போடுவதுதான் சரி, எனக்கு அதில் இரண்டாவது கருத்து இல்லை.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பிளேடு புதிதாக இருந்தால் போதாது, அதைப் பிடிக்கும் இடுக்கியும் துடைத்திருக்க வேண்டும். பிளேடு செருகும் பிளவில் பழைய நுரையும் முடியும் காய்ந்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். படிகாரக் கட்டியும் அப்படித்தான். சவரம் முடிந்ததும் எல்லார் முகத்திலும் தேய்க்கும் அந்த ஒரே கட்டியைவிட, வீட்டில் உங்களுக்கென்று பத்து ரூபாய்க்கு ஒரு துண்டு வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கென்று வரும்போது கணக்கு மாறுகிறது. ஒரே கத்தி, ஒரே முகம். தொற்றுப் பயம் இல்லை. அங்கே சவரக்கத்தி வைத்துக்கொள்ளலாமா? வட சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இதில் இரண்டு தொல்லை உண்டு. முதலாவது கடல். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எந்த வேகத்தில் துருப்பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல சவரக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் ஸ்டீல். உப்புக் காற்றுக்கு அது பலகாரம் மாதிரி. கூரில் ஊசிமுனை அளவு துருக் குழி விழுந்தாலே முகத்தில் தெரியும். பயன்படுத்திய உடனே துடைத்து, காய வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்காகிக் கைப்பிடி மடங்கும் இடத்தில் அடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தண்ணீர். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து திரித்திரியாகப் படியும், நுரை நிற்காது. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீரே புகுந்துவிட்ட கதை ஊரறிந்தது. எந்தக் கத்தியானாலும் தோலில் வழுக்கிப் போக வைப்பது நுரைதான், நுரை இல்லாமல் கூர் மட்டும் இருந்து பயனில்லை. ஆகவே முகம் கழுவப் போர் தண்ணீர் போதும், நுரை கட்ட மட்டும் ஒரு டம்ளர் மெட்ரோ வாட்டரோ கேன் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி எரிச்சல் குறைந்துவிடும்.

தண்ணீர் என்றதும் ஒரு கிளைக்கதை. ஜில்லெட் நிறுவனம் 2002-ல் இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் கொண்டுவந்தது. முன்கூட்டியே அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள், அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே வந்ததும் ஆட்கள் முகம் சுளித்தார்கள். அந்த மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு ரேசரைக் கழுவியவர்கள். இங்கேயோ கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு மழிப்பவர்கள் நிறையப் பேர். சொம்புத் தண்ணீரில் முக்கி ஆட்டினால் பிளேடுக்கு இடையில் சிக்கிய முடி போகவில்லை. பிறகு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்து, 2010-ல் ஒற்றைப் பிளேடு வைத்த 'கார்டு' (Guard) என்ற ரேசரை 15 ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள், மாற்றுப் பிளேடு 5 ரூபாய். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசர்களைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல் மட்டத்துக்குக் கீழேயே வெட்டிவிடும். சுருட்டை முடிக்காரர்களுக்கு அந்த முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து, கழுத்தெல்லாம் சிவப்புப் பருக்கள் வரும்.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு பிளேடு மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தினம் அரை பிளேடு வீதம் வருடத்துக்கு ஏறக்குறைய 550 ரூபாய். தடுப்புள்ள ரேசரில் ஒரு பிளேடை ஐந்து நாள் ஓட்டினால் 220 ரூபாய்தான். வெளிநாட்டிலிருந்து வரும் நல்ல சவரக்கத்தி பத்தாயிரத்தைத் தாண்டும், தோல்வாரும் கற்களும் சேர்த்தால் இருபதாயிரம் ஆனாலும் ஆச்சரியமில்லை. சவரக்கத்தி வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்று சொல்பவர்கள் முப்பது நாற்பது வருடக் கணக்கில் பேசுகிறார்கள். அதை மிச்சத்துக்காக வாங்கக் கூடாது. காலையில் இருபது நிமிடம் ஒரே வேலையில் மூழ்கியிருக்கப் பிடித்திருந்தால் வாங்கலாம்.

என் யோசனை இதுதான். முதல் முறை சொந்தமாகச் சவரம் செய்பவர் தடுப்புள்ள இரட்டைக்கூர் ரேசரில் தொடங்கட்டும். மடக்குக் கத்தி ஆசை இருந்தால் அரை பிளேடு கத்தியில் கையைப் பழக்கட்டும், ஆனால் அது சவரக்கத்திக்கு முந்தைய சுலபமான படி என்று மட்டும் நினைக்க வேண்டாம். சவரக்கத்தி வாங்குபவர், கத்தியைவிடத் தீட்டக் கற்றுத் தரும் ஆளை முதலில் தேடட்டும்.

கையில் எடுக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். குளித்து முடித்த பிறகு மழியுங்கள், இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி பாதி வேலையை விட்டுக்கொடுத்துவிடும். முதல் வாரம் கன்னத்தில் மட்டும் கத்தியை வையுங்கள், மீதியை வழக்கமான ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடிப்பதை மறக்கவே கூடாது. தொய்ந்த தோலில்தான் கத்தி பாயும். கத்தியை முகத்தில் படுக்கவைத்து, முதுகைச் சுமார் முப்பது டிகிரி தூக்கி, முடி வளரும் திசையிலேயே குட்டைக் குட்டையாக இழுங்கள். கூரின் நீளவாக்கில் மட்டும் கத்தியை நகர்த்திவிடாதீர்கள். பழத்தை அறுப்பது அப்படித்தான். குரல்வளை மேட்டின் மேல் வரும்போது எச்சில் விழுங்குங்கள், தோலைப் பக்கத்துக்குத் தள்ளி அங்கே மழியுங்கள். முடி வளரும் திசைக்கு எதிராக இழுக்கும் எதிர் சவரத்தை ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

அப்புறம், தூக்கிப் போடுவது என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, எங்கே போடுகிறோம்? அமெரிக்காவில் பழைய வீடுகளின் குளியலறைச் சுவரில் ஒரு சின்னப் பிளவு இருக்கும், பயன்படுத்திய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். நம் வீட்டுப் பிளேடு குப்பையோடு கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. வழியில் தூய்மைப் பணியாளர் கையைக் கிழிக்கும், அங்கே போனபின் குப்பை பொறுக்குபவர் கையைக் கிழிக்கும். பிளேடை உறையில் சுற்றிப் போட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஈரத்தில் அந்த உறை ஒரு நாள்கூட நிற்காது. எங்கள் சலூன்காரர் மூடி போட்ட தகர டின் ஒன்றில் உண்டியல் மாதிரி ஓட்டை போட்டு வைத்திருக்கிறார். அரை பிளேடு எல்லாம் அதற்குள் விழும். டின் நிரம்பப் பல மாதம் ஆகும். நிறைந்ததும் ஓட்டையை அடைத்து, முழு டின்னாகவே காயலான் கடையில் கொடுத்துவிடுவார்.

போன தடவை அவர் டின்னைக் கொண்டுபோனபோது கூடப் போனேன். சும்மா இருக்கட்டும் என்று தாத்தாவின் கத்தியையும் எடுத்துப் போயிருந்தேன். காயலான் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தராசில் வைத்தார். இரண்டு ரூபாய்க்குக்கூடத் தேறவில்லை. திரும்ப டிரங்குப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன், ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் போட்டு.